பிஐ3கே காமாவும் நியூட்ரோஃபில் நகர்வும்: ஆய்வகத்தில் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிக்னல் புரதத்தைத் தடுத்தால் வெள்ளையணுக்களின் நகர்வு என்னவாகிறது, கிருமியை எதிர்கொள்ளும் திறன் என்னவாகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக டிரான்ஸ்வெல் தட்டில்தான் (நுண்துளைச் சவ்வால் மேலறை, கீழறை எனப் பிரித்த சோதனைத் தட்டு) தொடங்குகிறார்கள். தடுப்பான் போட்ட பக்கம் செல்கள் குறைவாக வருகின்றன, உடனே "இந்தப் புரதம் நகர்வுக்கு அவசியம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு எண் குறைய ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம். செல் செத்திருக்கலாம், சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பிரித்தெடுக்கும்போதே தூண்டப்பட்டு ஓய்ந்திருக்கலாம், தடுப்பான் வேறு புரதத்தைப் பிடித்திருக்கலாம். இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகிற வரிசையைத்தான் கீழே தருகிறேன். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

எடுத்துக்காட்டுக்கு மனித நியூட்ரோஃபிலையும் (தொற்றுள்ள இடத்துக்கு ஓடிவரும் ஒரு வகை வெள்ளையணு) பிஐ3கே காமா என்ற நொதியையும் எடுத்துக்கொள்கிறேன். ராக்2, டாக்8 போன்ற வேறு புரதங்களுக்கும் கட்டமைப்பு இதேதான், தடுப்பானும், செல்லைத் தன்பக்கம் இழுக்கும் ஈர்ப்புப் பொருளும் மட்டும் மாறும்.

1. கேள்வியை மூன்றாக உடையுங்கள்

உடலிலேயே உருவாகும் ஐஎல்-8, சி5ஏ, பாக்டீரியாவிலிருந்து வரும் ஃபார்மைல் பெப்டைடுகள் ஆகிய ஈர்ப்புப் பொருள்கள் எல்லாம் நியூட்ரோஃபிலின் மேற்பரப்பில் இருக்கும் ஜி-புரத ஏற்பிகளைத் தொடுகின்றன. ஏற்பி தூண்டப்பட்டதும் ஜி-புரதத்தின் பீட்டா-காமா பகுதி விடுபட்டு பிஐ3கே காமாவை இயக்குகிறது. அது செல்சவ்வின் உட்புறத்தில் பிஐபி2 என்ற கொழுப்பை பிஐபி3 ஆக மாற்றுகிறது. பிஐபி3 சேரும் இடத்தில் ஏகேடி போன்ற புரதங்கள் கூடுகின்றன, ராக் இயங்குகிறது, ஆக்டின் என்ற புரத இழை வளர்ந்து செல்லின் முன்முனை நீளுகிறது.

ஆக நீங்கள் கேட்பது ஒரே கேள்வி அல்ல. செல் நகரத் தொடங்குகிறதா? தொடங்கிய செல் சரியான திசையில் போகிறதா? போய்ச் சேர்ந்த இடத்தில் கிருமியைக் கொல்கிறதா? இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரியாக எழுதி, எந்தப் படி எந்தக் கேள்விக்கு என்று முதலிலேயே குறித்துவையுங்கள். பாதியில் குழம்பும்போது இந்தப் பக்கம்தான் கைகொடுக்கும்.

2. ரத்தம் எடுக்கும் முன்பே தயாராக வேண்டியவை

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ரத்தம் தருபவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் முதலில். அதில் குறுக்குவழி கிடையாது. ரத்தம் தருபவருக்குச் சளி, காய்ச்சல், பல்வலி ஏதாவது இருக்கிறதா, சமீபத்தில் இபுப்ரோஃபென், ஸ்டீராய்டு மாதிரி அழற்சி குறைக்கும் மருந்து சாப்பிட்டாரா என்று கேளுங்கள். இவை நியூட்ரோஃபிலின் நடத்தையையே மாற்றிவிடும், அப்புறம் உங்கள் தடுப்பானின் வேலை எது, மாத்திரையின் வேலை எது என்று பிரிக்க முடியாது.

எல்லா பஃபரும் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நஞ்சு) இல்லாததாக இருக்க வேண்டும். ஆட்டோகிளேவில் வைத்துவிட்டேனே என்பார்கள். ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், எண்டோடாக்சின் அந்தச் சூட்டைத் தாங்கி அப்படியே இருக்கும். சாதாரண அல்புமின் பொடியில் அது கலந்திருப்பது சகஜம், அதனால் எண்டோடாக்சின் குறைவான வகையைத் தேடி வாங்குங்கள்.

இரண்டு பஃபர் தேவை: பிரித்தெடுக்க கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத ஹேங்க்ஸ் கரைசல், சோதனைக்கு இரண்டும் உள்ள அதே கரைசல் (ஹெப்பஸ், 0.1 முதல் 0.5 சதவீதம் அல்புமின் சேர்த்து). பிரிக்கும்போது கால்சியம் இருந்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். சோதனையின்போது அவை இல்லாவிட்டால் இன்டெக்ரின்கள் (செல் ஒரு பரப்பைப் பிடிக்க உதவும் புரதங்கள்) வேலை செய்யாது, செல் பிடித்து நகரவும் முடியாது. இந்த இரண்டு பாட்டில்களும் இடம் மாறிப்போவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. மூடியில் வேறு வேறு நிற டேப் ஒட்டிவிடுங்கள்.

தடுப்பானில் இரண்டு வகையாவது வைத்துக்கொள்ளுங்கள்: காமாவை மட்டும் குறிவைக்கும் ஐபிஐ-549 போன்ற ஒன்று, பிஐ3கே குடும்பம் முழுவதையும் அடைக்கும் வோர்ட்மானின் ஒன்று. பழைய கட்டுரைகளைப் பார்த்து எல்ஒய்294002-ஐ மட்டும் நம்பி இறங்காதீர்கள், அது எம்டார், சிகே2 போன்ற வேறு புரதங்களையும் பிடிக்கும். இவை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைபவை, அதனால் எல்லாக் குழியிலும், தடுப்பான் இல்லாத கன்ட்ரோலிலும்கூட, டிஎம்எஸ்ஓ ஒரே அளவில் இருக்க வேண்டும். 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நியூட்ரோஃபிலைப் பிரித்தல்

பாதிச் சோதனைகள் வீணாவது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஈடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்தோடு சம அளவு 3 சதவீத டெக்ஸ்ட்ரான் கரைசலைச் சேர்த்து, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, அறை வெப்பத்தில் 20 முதல் 30 நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள். சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் சேர்ந்து கீழே இறங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் கலங்கலான அடுக்கு நிற்கும். அந்த அடுக்கை மட்டும் எடுத்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் என்ற கரைசலின் மேல் குழாயின் சுவரோரமாக வழியவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் 400 ஜி விசையில் 30 நிமிடம் சுற்றுங்கள். பிரேக்கை அணைத்துவையுங்கள், இல்லாவிட்டால் நிற்கும்போது அடுக்குகள் குலையும்.

நடுவில் வெள்ளை வளையமாகத் தெரிவது மோனோசைட்டும் லிம்ஃபோசைட்டும். உங்களுக்கு வேண்டியது அடியில் சிவப்பாக இருக்கிறது. மேலே உள்ளதையெல்லாம் உறிஞ்சி எடுத்தபின் குழாயின் உட்சுவரையும் சுத்தமாகத் துடையுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் மோனோசைட் கலந்தால்கூட அவை ஐஎல்-8 சுரந்து நியூட்ரோஃபிலைத் தூண்டிவிடும், உங்கள் கன்ட்ரோலே கெட்டுவிடும்.

மீதிச் சிவப்பணுக்களை உடைக்க 0.2 சதவீத உப்புக் கரைசலை ஊற்றி 30 விநாடி, உடனே அதே அளவு 1.6 சதவீதக் கரைசல். இரண்டும் சேர்ந்து சரியாக 0.9 சதவீதம் ஆகிவிடும். இரண்டாவது கரைசலை பிப்பெட்டில் எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டுதான் முதலாவதை ஊற்ற வேண்டும். பாட்டில் மூடியைத் திறக்கப் போய் ஒரு நிமிடம் ஆனால் நியூட்ரோஃபிலும் உடையத் தொடங்கும். உடைந்த செல்லிலிருந்து வரும் டிஎன்ஏ, குழாயில் சளி மாதிரி நூல் நூலாக இழுக்கும். அது தெரிந்தால் அந்தத் தொகுதியைக் கைவிட்டுவிடுங்கள், வடிகட்டிப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள்.

வோர்டெக்ஸ் வேண்டாம், குழாயைத் தட்டிக் கரைத்தால் போதும். செல்களை அடியில் உருண்டையாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், நெருக்கமே அவற்றைத் தூண்டும். டிரைபான் நீலம் போட்டு 95 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருக்கின்றனவா, கீம்சா சாயத்தில் பல மடல் கருக்கள்தான் பெரும்பான்மையா என்று பாருங்கள். ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவி) இருந்தால் செல்லின் மேற்பரப்புப் புரதங்களான சிடி62எல், சிடி11பி இரண்டையும் அளவிடுங்கள். சிடி62எல் உதிர்ந்து சிடி11பி ஏறியிருந்தால் அந்தச் செல்கள் ஏற்கெனவே தூண்டப்பட்டவை. அவற்றைக் கொண்டு நகர்வை அளக்கக் கூடாது.

எடுத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சோதனை முடிய வேண்டும். நியூட்ரோஃபில் காத்திருக்காது, உறையவைத்து அடுத்த வாரம் எடுக்கவும் முடியாது.

4. தடுப்பான் இலக்கைத் தொட்டதா என்று முதலில் பாருங்கள்

நகர்வுச் சோதனைக்கு முன்னால் இதைச் செய்யச் சொன்னால் பலருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனால் இது இல்லாவிட்டால் "விளைவு ஒன்றும் இல்லை" என்று ஒரு முடிவு வரும்போது, புரதத்துக்குப் பங்கு இல்லையா, தடுப்பானே வேலை செய்யவில்லையா என்று சொல்ல வழியே இல்லை.

செல்களைத் தடுப்பானோடு 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம் வைத்து, எஃப்எம்எல்பி (முன்பு சொன்ன ஃபார்மைல் பெப்டைடுகளில் ஒன்று) கொடுத்து, ஏகேடியில் பாஸ்ஃபேட் ஏறுவதை வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் முறை) பாருங்கள். இந்த ஏற்றம் சட்டென்று வந்து சட்டென்று இறங்கும், அதனால் முதல் ஓரிரு நிமிடத்துக்குள் நிறுத்த வேண்டும். பத்தாவது நிமிடத்தில் எடுத்துவிட்டு சிக்னலே இல்லை என்று வருத்தப்படுபவர்கள் உண்டு.

இன்னொரு சிக்கல், நியூட்ரோஃபிலில் புரதம் அரிக்கும் நொதிகள் ஏராளம். சாதாரண லைசிஸ் பஃபரில் உடைத்தால் உங்கள் ஏகேடியையே அவை தின்றுவிடும். கொதிக்கும் எஸ்டிஎஸ் பஃபரை நேரடியாகச் சேர்ப்பது எளிய வழி. டிஎஃப்பி பயன்படுத்துங்கள் என்று சில நெறிமுறைகள் சொல்லும். அது நரம்பைத் தாக்கும் கடும் நஞ்சு, பயிற்சி பெற்றவர் உடன் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள்.

5. ஈர்ப்புப் பொருளின் அளவைக் கண்டுபிடியுங்கள்

ஐஎல்-8 கூடக் கூட நகர்வும் கூடும் என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. ஒரு அளவு வரை ஏறி, அதற்கு மேல் இறங்கும், மணி வடிவ வளைவு. செறிவு மிகுந்தால் ஏற்பிகள் எல்லாம் நிரம்பி, செல்லின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது, ஏற்பிகளும் உள்ளே இழுக்கப்படுகின்றன.

மில்லிலிட்டருக்கு 1 முதல் 100 நானோகிராம் வரை ஐந்து அளவு வைத்துப் பார்த்து, உச்சிக்குச் சற்று முன்னால், ஏறுமுகத்தில் இருக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். உச்சியைத் தாண்டிய அளவில் சோதித்தால், ஏற்பியைக் கொஞ்சம் அடைக்கும் ஒரு பொருள் நகர்வைக் கூட்டுவதுபோலக்கூடத் தெரியும். புதுப் புட்டி திறக்கும்போதெல்லாம் வளைவைத் திரும்பப் போட வேண்டும்.

6. டிரான்ஸ்வெல் ஓட்டம்

நியூட்ரோஃபிலுக்கு 3 மைக்ரான் துளையுள்ள சவ்வு. 8 மைக்ரான் சவ்வு அலமாரியில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அதில் செல்கள் நகராமலே நழுவிக் கீழே விழும்.

24 குழித் தட்டில் கீழே 600 மைக்ரோலிட்டர் ஈர்ப்புக் கரைசல், மேலே 100 மைக்ரோலிட்டரில் 2 முதல் 5 லட்சம் செல்கள். முதலில் கீழ்க்கரைசல், பிறகு இன்சர்ட்டை (அடியில் சவ்வுள்ள மேல் கிண்ணம்) சாய்த்து இறக்குங்கள். நேராக இறக்கினால் சவ்வுக்கு அடியில் காற்றுக் குமிழ் சிக்கும், அந்த இடத்தில் செல்லுக்கு ஈர்ப்புப் பொருளே போய்ச் சேராது. தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கி அடியிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செல்களைச் சேர்க்க வேண்டும்.

தடுப்பான் மேலேயும் கீழேயும் ஒரே செறிவில் இருக்கட்டும். மேலே மட்டும் போட்டால் அது கீழே கசிந்து நீர்த்துப்போகும், அந்த ஒரு மணி நேரத்தில் செல் என்ன அளவைச் சந்தித்தது என்றே தெரியாது.

30, 60, 90 நிமிடம் என மூன்று நேரம் வைத்துப் பார்த்து ஒன்றை முடிவு செய்யுங்கள். நீண்ட நேரம் விட்டால் கன்ட்ரோல் செல்கள் எல்லாம் இறங்கி முடித்திருக்கும், மெதுவாக வரும் செல்களும் எட்டிப் பிடித்துவிடும், வித்தியாசம் மறைந்துபோகும். பிஐ3கே காமா விஷயத்தில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பல சூழல்களில் தடுப்பான் நகர்வை முற்றிலும் நிறுத்துவதில்லை, தொடக்கத்தைத்தான் தாமதப்படுத்துகிறது.

நேரம் முடிந்ததும் கீழ்க்கரைசலை அப்படியே எண்ணிவிடாதீர்கள். கடந்து வந்த செல்கள் பலவும் சவ்வின் அடிப்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். குளிர்ந்த ஈடிடிஏவைக் கீழே சேர்த்து 10–15 நிமிடம் பனிக்கட்டியில் வைத்து, தட்டின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் அவை விழுந்துவிடும். ஒட்டும் தன்மையை மாற்றும் தடுப்பானுக்கு இந்தப் படி இல்லாவிட்டால் முழு முடிவும் பொய்யாகும்.

எண்ணுவதற்கு ஃப்ளோ சைட்டோமீட்டரும் எண்ணிக்கை மணிகளும் (எத்தனை என்று முன்பே தெரிந்த நுண்மணிகள்) நம்பகமானவை. இன்சர்ட்டே இல்லாமல் அதே அளவு செல்களை நேரடியாக ஊற்றிய குழி ஒன்றும் வேண்டும். அதை 100 சதவீதமாக வைத்துத்தான் மற்றவற்றைச் சொல்ல வேண்டும்.

7. திசையறிந்த நகர்வா, வெறும் சுறுசுறுப்பா

கோயில் திருவிழாவில் சும்மா சுற்றுகிற கூட்டமும் உண்டு, அன்னதானப் பந்தியை நோக்கிப் போகிற கூட்டமும் உண்டு. வாசலில் நின்று தலையை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். டிரான்ஸ்வெல்லும் தலைதான் எண்ணுகிறது.

அதனால் நான்கு அமைப்பு கட்டாயம்: இரண்டு பக்கமும் வெறும் பஃபர், கீழே மட்டும் ஐஎல்-8, மேலே மட்டும் ஐஎல்-8, இரண்டு பக்கமும் ஒரே அளவு ஐஎல்-8. கடைசி அமைப்பில் சரிவே (செறிவு ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைவது) கிடையாது. அங்கேயும் செல்கள் நிறையக் கீழே வந்தால் அது திசையறியாத சுறுசுறுப்பு. கீழே மட்டும் வைத்ததில் அதைவிட எவ்வளவு கூடுதலோ அதுதான் திசையறிந்த நகர்வு. இந்த நான்கையும் தடுப்பானோடும் இல்லாமலும் செய்தால் எட்டு, ஒவ்வொன்றும் மூன்று குழி, அதாவது ஒரு முழுத் தட்டு. இன்சர்ட் இல்லாத குழிக்கு இன்னொரு தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். செலவுதான், ஆனால் இதை விட்டுவிட்டுப் போட்ட வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

8. வீடியோவில் ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள்

சரிவு அறை ஸ்லைடில் செல்களை விட்டு 20–30 விநாடிக்கு ஒரு படமாக அரை மணி நேரம் எடுங்கள். நன்றாக இருக்கும் நியூட்ரோஃபில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மைக்ரான் போகும், முன்னால் அகன்ற மெல்லிய விரிப்பு, பின்னால் குறுகிய வால். நகர்ந்த செல்களின் விகிதம், அவற்றின் வேகம், நேர்கோட்டுத் தன்மை என மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

நகராத செல்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவதுதான் இங்கே பெரிய பிழை. சுட்டித் தொடரும் மென்பொருள்கள் பலவும் அசையாத செல்லைத் தூசு என்று தள்ளிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும், அமைப்பைப் பார்த்து மாற்றுங்கள். 2007-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது இதுதான்: பிஐ3கே காமா இல்லாத எலி நியூட்ரோஃபில்களில் சில பரப்புகளின் மேல் நகரத் தொடங்கும் செல்களின் விகிதம் குறைகிறது, நகர்பவை திசையைச் சரியாகவே பிடிக்கின்றன. நகராதவற்றை நீக்கியிருந்தால் அந்த விளைவு கண்ணிலேயே பட்டிருக்காது. கண்ணாடியில் என்ன பூசியிருக்கிறீர்கள் என்பதும் முடிவை மாற்றும் என்பதால் ஃபைப்ரினோஜென் ஒன்று, வெறும் அல்புமின் ஒன்று என்று இரண்டிலாவது பாருங்கள்.

9. போய்ச் சேர்ந்த செல் கிருமியைக் கொல்கிறதா

நகர்வு குறைந்தது என்பதால் தொற்று கூடும் என்று தாவக் கூடாது. பிஐ3கே காமா, எஃப்எம்எல்பி தூண்டுதலில் ஆக்சிஜன் நச்சுகள் உருவாவதிலும் பங்கு வகிக்கிறது, ஆக கொல்லும் திறனைத் தனியாக அளக்க வேண்டும். இதற்கு நகர்வே தேவைப்படாத அமைப்பு வேண்டும்: குழாயில் செல்லையும் பாக்டீரியாவையும் சேர்த்து 37 டிகிரியில் மெதுவாகச் சுழலவிடுவது.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸை வளர்ச்சிக் கட்டத்தின் நடுவில் எடுத்து, கழுவி, 10 சதவீத மனித சீரத்தில் 20–30 நிமிடம் ஊறவையுங்கள். சீரம் பூசாத பாக்டீரியாவை நியூட்ரோஃபில் சரியாகப் பிடிக்காது. ஒரு செல்லுக்கு ஒரு பாக்டீரியா என்று தொடங்கி 0, 30, 60 நிமிடத்தில் மாதிரி எடுத்து, பிஎச் 11 உள்ள நீரில் செல்லை உடைத்து, அகாரில் பரப்பி எண்ணுங்கள். உடைக்காமல் பரப்பினால் ஒரு செல்லுக்குள் உயிரோடு இருக்கும் பத்து பாக்டீரியா ஒரே காலனியாக வளரும், செல் நன்றாகக் கொன்றதாகப் பொய்க்கணக்கு வரும்.

செல் இல்லாமல் பாக்டீரியாவும் தடுப்பானும் மட்டும் உள்ள குழாய் ஒன்று கண்டிப்பாக வேண்டும். தடுப்பானே பாக்டீரியாவை அடக்கினால் உங்கள் முடிவு தலைகீழாகும். கூடவே டைஹைட்ரோரோடமைன் சாயத்தால் ஆக்சிஜன் நச்சுகளையும் அளந்துவிட்டால், கொல்லும் திறன் குறைந்ததற்குக் காரணம் தேட வசதி.

10. எண்களைக் கணக்கிடும் முறை

மூன்று குழி என்பது மூன்று மாதிரி அல்ல. ஒருவர் தந்த ரத்தம் ஒரு மாதிரி, அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் நியூட்ரோஃபில் நகர்வு வெகுவாக மாறுபடும், அதனால் ஒரே ஆளின் தடுப்பான் உள்ளது, இல்லாதது என இணைத்து ஒப்பிடுங்கள். வரைபடத்திலும் அவரவர் புள்ளிகளைக் கோட்டால் இணைத்துக் காட்டுங்கள்.

11. உயிருள்ள விலங்கில்

2000-ல் விவரிக்கப்பட்ட ராக்2 பிறழ்வுள்ள ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் நிறைய இருந்தன, ஆனால் தொற்றுள்ள புண்ணில் சீழே இல்லை. செல்கள் புண்ணுக்குப் போகவே இல்லை. தட்டில் பார்க்கும் குறைபாடு உடலில் எப்படித் தெரியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. புண்ணில் எத்தனை, ரத்தத்தில் எத்தனை, உடல் முழுவதும் எத்தனை என்று மூன்றையும் எண்ண வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுதான். புண்ணில் மட்டும் எண்ணினால், செல் உருவாகவில்லையா, உருவாகியும் வரவில்லையா, வந்துவிட்டுத் திரும்பிப் போனதா என்று சொல்ல முடியாது.

தொடங்குவதற்கு வரிக்குதிரை மீன் குஞ்சுகள் வசதி, நியூட்ரோஃபில் பச்சையாக ஒளிரும் வகைகள் கிடைக்கின்றன, உடல் கண்ணாடி மாதிரி. மூன்று நாள் குஞ்சை மயக்கி, வால் நுனியை வெட்டி, மணிக்கணக்கில் செல்கள் கூடுவதைப் பார்க்கலாம். ஆனால் வெட்டுக்காயமும் தொற்றும் ஒன்றல்ல. காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு சரிவும் செல்களை வரவழைக்கிறது. அதனால் காதுப்பையில் பாக்டீரியாவை ஊசியால் செலுத்தும் அமைப்பையும் சேர்த்துச் செய்து, செல் எண்ணிக்கை, பாக்டீரியா எண்ணிக்கை, குஞ்சுகள் பிழைத்த விகிதம் மூன்றையும் பதியுங்கள். தண்ணீரில் கலந்த தடுப்பான் குஞ்சின் எல்லாச் செல்களுக்குள்ளும் போகும் என்பதால், நியூட்ரோஃபிலில் மட்டும் புரதத்தை முடக்கிய மீன் வகையில் அதே விளைவு வந்தால்தான் பழியை நியூட்ரோஃபில் மேல் போடலாம்.

எலிக்குப் போகிறவர்கள் கூண்டைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பிஐ3கே காமா இல்லாத எலிகளில் நியூட்ரோஃபில் நகர்வு குறைவதும் வயிற்றறை அழற்சியில் செல்கள் குறைவாகச் சேர்வதும் 2000-லேயே காட்டப்பட்டுவிட்டன. ஆனால் 2019-ல் இந்தப் புரதம் குறைபட்ட ஒரு நோயாளியை விவரித்தபோது, அவருக்கு இருந்த ஆன்டிபாடிக் குறைபாடும் நுரையீரல், குடல் அழற்சியும் சுத்தமான கூடத்தில் வளர்ந்த எலிகளில் சரியாகத் தெரியவில்லை. செல்லப்பிராணிக் கடை எலிகளின் நுண்ணுயிர்கள் தொற்றும்படி செய்த பிறகுதான் நோயாளியைப் போன்ற மாற்றங்கள் வெளிப்பட்டன. அதனால் எலிகள் எங்கிருந்து வந்தன, எந்த வகைக் கூடத்தில் வளர்ந்தன, பிறழ்வுள்ளவையும் இயல்பானவையும் ஒரே கூண்டில் இருந்தனவா, ஒரே தாயின் குட்டிகளா என்பதையெல்லாம் முதல் நாளிலிருந்தே பதிவேட்டில் எழுதிவையுங்கள்.